பதினான்கு பெயர்கள், ஒரே அச்சு: விளக்கப்படத்தில் யார் முதலில்?

கேரளத்தின் 14 மாவட்டப் பெயர்களை ஒரு விளக்கப்படத்தின் அச்சில் அடுக்கச் சுமார் 8,718 கோடி வழிகள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. இவற்றில் காரணம் சொல்லி நியாயப்படுத்தக் கூடியவை நான்கைந்துதான். திருவனந்தபுரத்தில் விகாஸ் பவனில் இயங்கும் பொருளாதார, புள்ளியியல் துறையும், பட்டத்திலுள்ள மாநிலத் திட்டக்குழுவும், வளர்ச்சி ஆய்வு மையமும் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணைகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மாவட்டம் முதலில் நிற்க வேண்டும், ஏதோ ஒன்று கடைசியில் நிற்க வேண்டும். அட்டவணை விளக்கப்படமாகும்போது அந்த வரிசையைப் பெரும்பாலும் மென்பொருள்தான் முடிவு செய்கிறது. அதை யாரும் முடிவாகவே கருதுவதில்லை என்பதுதான் சிக்கல். அச்சின் வரிசை அலங்காரமன்று. தரவைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கூற்று. ஆகவே அதை ஒவ்வொரு படத்திலும் கையால் சரிசெய்யும் வேலையாக விடாமல், தரவோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும். கேரளத்தைப் பொறுத்தவரை அந்த வரிசை எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு நிலத்தின் அமைப்பே ஏறக்குறைய விடை தந்துவிடுகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பொருள்கள் தாமாக என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். எக்செல், அட்டவணையில் வரிகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அச்சில் வைக்கிறது. டேப்லோ பெயர்களை அகரவரிசைக்கு மாற்றுகிறது. ஆர் மொழியின் ஜிஜிபிளாட் 2 தொகுப்பும் எழுத்துத் தரவை அகரவரிசையில்தான் அடுக்குகிறது. பைத்தானின் மேட்பிளாட்லிப் பெயர்கள் தன் கண்ணில் பட்ட வரிசையை வைத்துக்கொள்கிறது. பவர் பிஐயில் பட்டை வரைபடம் போட்டால் பெரும்பாலும் அளவு கூடியது முதலில் வந்து நிற்கும். ஆக ஒரே அட்டவணையை ஐந்து கருவிகளில் ஏற்றினால் குறைந்தது மூன்று வெவ்வேறு படங்கள் கிடைக்கும். எண் ஒன்றுகூட மாறியிருக்காது. படிப்பவர் மனத்தில் பதியும் செய்தி மட்டும் மாறியிருக்கும். கிடைமட்டப் பட்டைகள் என்றால் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. எக்செல் அட்டவணையின் முதல் வரியை அச்சின் அடியிலும் கடைசி வரியை உச்சியிலும் வரைகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துத் தலைகீழாக்கும் பெட்டியைத் தேடுவார்கள். கேரளத்துக்கு அந்தத் தலைகீழ்தான் பொருந்துகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

அகரவரிசை யாருக்கும் சாயாத நடுநிலை வரிசை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மொழியை மாற்றிப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. ஆங்கில அகரவரிசையில் மலப்புரம் 9-ஆவது இடத்தில் இருக்கிறது, மலையாளத்தில் 13-ஆவது. திருவனந்தபுரம் ஆங்கிலத்தில் 12-ஆவது, மலையாளத்தில் 9-ஆவது, தமிழில் திருச்சூருக்குப் பின்னால் 10-ஆவது. எர்ணாகுளமும் இடுக்கியும், பாலக்காடும் பத்தனம்திட்டாவும் மொழிக்கேற்ப ஒன்றையொன்று முந்துகின்றன. ஆங்கிலம், மலையாளம் இரண்டுக்கும் பொத்தான் வைத்த ஓர் அரசு வலைப்பக்கத்தில் மொழியை மாற்றியதும் பட்டைகள் இடம் பெயர்ந்தால், அந்தப் படத்தில் வரிசைக்கு என்ன பொருள்? மொழியை விடுவோம், எழுத்துக்கூட்டல் மாறினாலே போதும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலத்தில் குயிலான் என்பது கொல்லமாகவும் கண்ணனூர் என்பது கண்ணூராகவும் ஆயின. அதனால் 11-ஆவது இடத்தில் இருந்த கொல்லம் 6-ஆவது இடத்துக்கு வந்தது. 2-ஆவதாக இருந்த கண்ணூர் 4-ஆவது ஆயிற்று. டிரிவாண்ட்ரம் திருவனந்தபுரமாக மாறியபோது திருச்சூரை முந்தியது. மாவட்டங்களில் எதுவும் நடக்கவில்லை. அரசாணையில் சில எழுத்துகள் மாறின. இவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் ஒன்றைப் பத்தாண்டு, இருபதாண்டுத் தரவை ஒப்பிடும் அச்சுக்கு அடித்தளமாகக் கொள்வது எப்படித் தகும்?

கணினியின் அகரவரிசை நம் அகரவரிசையாகவும் இருப்பதில்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்களில் னகரம் நகரத்தை அடுத்தே வந்துவிடுகிறது. றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கிறது. நெடுங்கணக்கிலோ இவ்விரண்டும் மெய்வரிசையின் கடைசி எழுத்துகள். விளைவு என்னவென்றால், நெடுங்கணக்குப்படி கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று வர வேண்டிய தமிழ்நாட்டு மாவட்டங்களை, குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கும் மென்பொருள் கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று அடுக்கும். மொழிவாரி விதிகளைப் பின்பற்றும் மென்பொருள் சரியாகச் செய்யும். எந்த மென்பொருள் எதைப் பின்பற்றுகிறது என்பது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. மலையாளத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தனித்து நிற்கும் ஒற்றெழுத்துகளான சில்லுகளுக்கு 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 தனிக் குறியீடுகள் தந்தது. அதற்கு முன்பு அவை வேறு எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டன. கண்ணூர், திருச்சூர், காசர்கோடு ஆகிய மூன்று பெயர்களின் மலையாள வடிவிலும் ரகரச் சில்லு உண்டு. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் சேர்த்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் கணினிக்கு இரண்டாகத் தெரியும். அச்சில் திருச்சூர் இரண்டு முறை வந்து நிற்கும். அகரவரிசையை நம்பும் அச்சு, எழுத்தின் உள்ளமைப்பில் நேரும் இத்தகைய விபத்துகளையும் சேர்த்தே சுமக்கிறது.

அரசு அலுவலகங்கள் அகரவரிசையைப் பெரிதாக மதிப்பதில்லை என்பது ஆறுதல். ஆனால் அங்கே வழக்கில் இருப்பது ஒரு வரிசையன்று, இரண்டு. மாநிலத் துறைகளின் அட்டவணைகள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் தொடங்குகின்றன: கொல்லம், பத்தனம்திட்டா, ஆலப்புழா, கோட்டயம், இடுக்கி, எர்ணாகுளம், திருச்சூர், பாலக்காடு, மலப்புரம், கோழிக்கோடு, வயநாடு, கண்ணூர் என்று வடக்கே ஏறிக் காசர்கோட்டில் முடிகின்றன. சாலையில் போகும் வண்டிகளின் எண்பலகையிலும் இதே வரிசைதான்: கேஎல்-01 திருவனந்தபுரம், கேஎல்-14 காசர்கோடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ வடக்கிலிருந்து இறங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் காசர்கோட்டின் குறியீடு 588, திருவனந்தபுரத்தின் குறியீடு 601. தேர்தல் ஆணையமும் வடக்கிலிருந்தே எண்ணுகிறது. சட்டமன்றத் தொகுதிகளில் 1 மஞ்சேஸ்வரம், 140 நெய்யாற்றின்கரை. மக்களவைத் தொகுதிகளில் 1 காசர்கோடு, 20 திருவனந்தபுரம். மாநில வரிசையையும் கணக்கெடுப்பு வரிசையையும் பெயர் பெயராக ஒப்பிட்டால் ஒன்று மற்றதன் முழுத் தலைகீழ் என்பது தெரியும். இடையில் ஒரு மாவட்டம்கூட விலகுவதில்லை.

இந்தப் பொருத்தம் பார்க்க அழகானது, கையாள ஆபத்தானது. ஒரு துறையின் அட்டவணையிலிருந்து ஒரு நெடுவரிசையையும் கணக்கெடுப்பு அட்டவணையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் இரண்டிலும் 14 வரிகள் இருக்கும். மொத்தக் கூட்டுத்தொகையும் சரியாக வரும். காசர்கோட்டின் மக்கள்தொகை திருவனந்தபுரத்தின் பெயருக்கு நேரே நிற்பதைக் கூட்டல் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்காது. வரிசையை எழுதாத விதியாக விட்டால் வரும் தீங்குக்கு இது தெளிவான சான்று. எல்லாரும் ‘வழக்கமான வரிசை’ என்று சொல்கிறார்கள். எந்த வழக்கம் என்பது மட்டும் எழுதப்படுவதில்லை.

இனி, வரிசை மாறினால் உண்மையில் என்ன தெரிகிறது, என்ன மறைகிறது என்பதைத் தரவைக் கொண்டே பார்க்கலாம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் கேரளத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 4.9 விழுக்காடு கூடியது. மாவட்ட வாரியான வளர்ச்சியை அகரவரிசையில் வரைந்தால் பட்டைகள் ஏறியும் இறங்கியும் ஒழுங்கற்று நிற்கும்: ஆலப்புழாவில் குட்டை, எர்ணாகுளத்தில் உயரம், இடுக்கியில் பூச்சியத்துக்குக் கீழே, கண்ணூரில் மீண்டும் உயரம். தெற்கு-வடக்காக வரைந்தால் கதை உடனே மாறுகிறது. திருவனந்தபுரம் முதல் இடுக்கி வரையான ஆறு மாவட்டங்களும் இரண்டு விழுக்காட்டைச் சுற்றியோ அதற்குக் கீழோ நிற்கின்றன. பத்தனம்திட்டாவிலும் இடுக்கியிலும் மக்கள்தொகை குறைந்தே போனது. எர்ணாகுளம் தொடங்கிக் காசர்கோடு வரையான எட்டு மாவட்டங்களும் நாலரை விழுக்காட்டுக்கு மேல். மலப்புரம் 13 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நடுவே ஒரு படிக்கட்டு. கேரளத்தின் மக்கள்தொகை மாற்றம் தெற்கில் முன்னதாகவும் வடக்கில் பின்னதாகவும் நடந்தது என்று விளக்க நெடிய பத்தி தேவைப்படும். சரியான வரிசை அதை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. அகரவரிசையில் அதே 14 எண்கள் இருந்தும் அந்தச் செய்தி இல்லை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். அளவு வாரியாக அடுக்கினாலும் இந்தப் படிக்கட்டு தெரியுமே, அதுதானே புள்ளியியல் அறிஞர்கள் பரிந்துரைக்கும் முறை என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆண்ட்ரூ ஏரன்பர்க் 1977-இல் எண்ணறிவின் அடிப்படைகள் பற்றி எழுதிய கட்டுரையில் வரிகளை அளவின்படி அடுக்குவதை முக்கிய விதிகளில் ஒன்றாக வைத்தார். ஹோவர்ட் வெய்னர் அமெரிக்க மாநிலப் பட்டியல்களை முன்வைத்து, அகரவரிசையில் அலபாமா முதலில் வருவதால் படிப்பவருக்கு என்ன பயன் என்று தொடர்ந்து கேட்டு வந்தார். பொது அளவுகோலில் அமைந்த நிலைகளைக் கண் மிகத் துல்லியமாக மதிப்பிடுகிறது என்று கிளீவ்லாந்தும் மெக்கில்லும் 1984-இல் காட்டினார்கள். அருகருகே நிற்கும் அளவுகளை ஒப்பிடுவது இன்னும் எளிது. ஆகவே ‘எது அதிகம், எது குறைவு, இடைவெளி எங்கே’ என்பதே கேள்வியாக இருக்கும்போது அளவு வரிசைக்கு இணையில்லை. 2020-இல் மாலைதோறும் வந்த கொரோனா அறிவிப்புகளில் தொற்று எண்ணிக்கை கூடிய மாவட்டம் முதலாவதாகச் சொல்லப்பட்டது. அன்றைய நெருக்கடி எங்கே என்று அறிய விரும்பியவர்களுக்கு அது பொருத்தமான வரிசைதான். நீதி ஆயோக்கின் நிலைத்த வளர்ச்சிக் குறியீட்டுப் பட்டியல்களும் மதிப்பெண் வரிசையில் வருவதில் தவறில்லை. தரம் பிரிப்பதே அவற்றின் வேலை.

ஆனால் அளவு வரிசை ஒரு கேள்விக்கு விடை தருவதற்காக மற்றக் கேள்விகளை மூடிவிடுகிறது. வளர்ச்சி விகிதத்தை அளவின்படி அடுக்கினால் எட்டு மாவட்டங்கள் மேலேயும் ஆறு கீழேயும் இருப்பது தெரியும். மேலே இருப்பவை எல்லாம் வடக்கே ஒரே தொடராக இருக்கின்றன என்பது, கேரள நிலப்படத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். அடுத்து, படம் ஒன்றோடு நிற்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் மக்கள் நெருக்கத்தில் முதலிடம் திருவனந்தபுரம், கடைசி இடம் இடுக்கி. வளர்ச்சியில் முதலிடம் மலப்புரம், கடைசி பத்தனம்திட்டா. எழுத்தறிவில் கோட்டயம் முன்னணியில், வயநாடு கடைசியில். மூன்றையும் அளவு வாரியாக வரைந்து அடுத்தடுத்து வைத்தால், ஒரே மாவட்டத்தைக் கண் மூன்று இடங்களில் தேட வேண்டியிருக்கும். நெருக்கமும் வளர்ச்சியும் எப்படித் தொடர்புபடுகின்றன என்ற கேள்விக்கு அந்த மூன்று படங்களும் பதில் சொல்லா. பொது வரிசையில் நின்றால் மட்டுமே படங்கள் ஒன்றோடொன்று பேசும். காலத்தை ஒப்பிடும்போதும் இதே நிலைதான். நேற்று மூன்றாவதாக இருந்த மாவட்டம் இன்று ஏழாவதாக இருந்தால், அங்கே நிலைமை மேம்பட்டதா, மற்ற நான்கில் மோசமானதா என்பதை இடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

அளவு வரிசையைக் கண்மூடிப் பின்பற்றினால் எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் எடுத்துக்காட்டு. 2020 மே மாதம் அம்மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, ஐந்து கவுண்டிகளின் கொரோனா எண்ணிக்கையை நாள்வாரியாகக் காட்டும் பட்டை வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் கிடைமட்ட அச்சில் நாள்கள் காலவரிசையில் இல்லை. எண்ணிக்கை கூடிய நாள் முதலில், குறைந்த நாள் கடைசியில் என்று அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நாளுக்குள்ளும் கவுண்டிகளின் வரிசையும் மாறிக்கொண்டே இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்குத் தொற்று நாளுக்கு நாள் சீராகக் குறைவதாகத் தோன்றியது. எதிர்ப்பு எழுந்ததும் படம் திருத்தப்பட்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது. எண்களில் பிழையில்லை, அச்சுப் பெயர்களின் வரிசை மட்டுமே பொய் சொல்லியது. நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். நாள் என்பது தனக்கென ஒரு வரிசையை உடன்கொண்டு வரும் பொருள். அதைக் கலைக்கும் உரிமை வரைபவருக்கு இல்லை.

இப்படி உள்ளார்ந்த வரிசையுள்ள பொருள்கள் வேறு பலவும் உண்டு. கேரளத்தில் அவை அன்றாடம் கையாளப்படுபவை. வயதுப் பிரிவுகள் முதலாவது. 2011 கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் கேரளத்தில் 12.6 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம். ஆகவே இங்கே எந்த நலத்திட்டம் பற்றிய படமும் வயது வாரியாகவே வரும். 0-4, 5-9, 10-14 என்ற பிரிவுகளை எழுத்தாக மட்டும் பார்க்கும் மென்பொருள், 5-9 வயதுக் குழந்தைகளைத் தூக்கி 45-49க்கும் 50-54க்கும் நடுவே உட்கார வைக்கும். எக்செல்லில் 5-9 என்று நேராகத் தட்டினால் அது தேதியாகவே மாறிவிடுவதும் உண்டு. பயிர்ப் பருவம் அடுத்தது. நெல்லுக்கு விரிப்பு, முண்டகன், புஞ்சை என்று மூன்று பருவங்கள் அந்த வரிசையில் வருகின்றன. ஆங்கில அகரவரிசையில் கோடைப் பயிரான புஞ்சை நடுவே நுழைந்துவிடும். மலையாள அகரவரிசையிலும் தமிழ் அகரவரிசையிலும் மூன்றும் சரியாகத் தலைகீழாகிவிடும். மாதங்களும் அப்படியே. கேரளத்தின் மழையை மாத வரிசையில் வரைந்தால் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையின் பெரிய மேடும், அக்டோபரில் துலாவருஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையின் சிறிய மேடும் தெரியும். ஆங்கில அகரவரிசையில் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி என்று போனால் இரண்டு மேடுகளும் கரைந்துவிடும்.

மாதங்களிலும் ஒரு தேர்வு இருக்கத்தான் செய்கிறது. சுழற்சி எங்கே தொடங்குகிறது என்பதே அந்தத் தேர்வு. அரசு வரவு செலவுக்கு ஏப்ரல், வேளாண் ஆண்டுக்கு ஜூலை, அணை நீர்க் கணக்குக்குப் பருவமழை தொடங்கும் ஜூன், கி.பி. 825-இல் தொடங்கிய மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக்குச் சிங்ஙம். எக்செல்லுக்கு ஆங்கில மாதங்களின் வரிசை பிறவியிலேயே தெரியும். சிங்ஙம் முதல் கற்கடகம் வரை நாம்தான் சொல்லித் தர வேண்டும். ‘மென்பொருளுக்குத் தெரிந்த வரிசை’ என்பதும் யாரோ ஒருவர் தமக்குப் பழகியதை எழுதி வைத்ததே என்பது இதிலிருந்து விளங்கும். அவர்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதினார்கள். நாம் நமக்கு வேண்டியதை எழுதியாக வேண்டும்.

மாவட்டங்களுக்கு அத்தகைய உள்ளார்ந்த வரிசை உண்டா என்பது அடுத்த மறுப்பு. நிலம் இருபரிமாணம், அச்சு ஒருபரிமாணம். நிலப்படத்தைக் கோடாக்க முடியாதே என்பார்கள். பொதுவாக இது உண்மை. தமிழ்நாட்டை எந்தக் கோட்டில் வரிசைப்படுத்தினாலும் அண்டை மாவட்டங்கள் சில விலகிப் போகும். 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை இறங்கிய குறியீடுகள், பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரி, கோயம்புத்தூர், திருப்பூர் என்று மேற்கே தாவின. கேரளம் விதிவிலக்கு. சுமார் 580 கி.மீ. நீளக் கடற்கரையை ஒட்டி, கடலுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே ஒடுங்கிய நிலம் அது. அதை ஒரு கோடாகக் கருதினால் இழப்பு மிகக் குறைவு. இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. இடுக்கியும் வயநாடும் கடலைக் காணாத மலை மாவட்டங்கள். காப்பி, ஏலம், பழங்குடி மக்கள்தொகை பற்றிய படங்களில் அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே பொருத்தம். அப்போது மலை, இடைநாடு, கடற்கரை என்று பிரித்து அடுக்கலாம். கேள்வி மாறும்போது வரிசை மாறலாம். மாற்றுவதற்கான காரணத்தைப் படத்தின் அடியில் ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும்.

நிரந்தர வரிசை காலப்போக்கில் உடைந்துவிடும் என்ற ஐயமும் நியாயமானதே. 1956-இல் மாநிலம் உருவானபோது ஐந்து மாவட்டங்களே இருந்தன. மலபார் 1957-இல் மூன்றாகப் பிரிந்தது. பிறகு மலப்புரம் 1969, இடுக்கி 1972, வயநாடு 1980, பத்தனம்திட்டா 1982, காசர்கோடு 1984 உள்ளிட்ட மற்றவை வந்து சேர்ந்தன. வண்டி எண்களின் கதை எச்சரிக்கையாகவே இருக்கிறது. 14 வரை நிலத்தைப் பின்பற்றிய எண்கள், கேஎல்-15 அரசுப் பேருந்துக் கழகத்துக்குப் போனபின், 16 ஆற்றிங்ஙல், 17 மூவாற்றுப்புழை, 18 வடகரை, 19 பாறசாலை என்று மேலும் கீழும் குதிக்கின்றன. இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் நில வரிசையைக் கைவிடுவதன்று. அடையாள எண்ணையும் வரிசை எண்ணையும் ஒன்றாக்கக் கூடாது என்பது. அடையாள எண் ஒருமுறை தந்தால் மாறக் கூடாது. வரிசை எண் தனி நெடுவரிசையில் இருக்க வேண்டும். புதிய மாவட்டம் வந்தால் அதை மட்டும் திருத்திக்கொள்ளலாம். எண்களைப் பத்துப் பத்தாக விட்டு எழுதினால் திருத்தம்கூடத் தேவைப்படாது.

யார் முதலில் என்பது மானப் பிரச்சினையும்கூட. மாநில அட்டவணைகளில் காசர்கோடு எப்போதும் கடைசி. வளர்ச்சியிலும் கடைசியாகவே கவனிக்கப்படுகிறோம் என்ற வடகேரளத்தின் மனக்குறைக்குப் பட்டியலின் வரிசை காரணமில்லை என்றாலும், அந்தக் குறையை அது நாள்தோறும் நினைவூட்டுகிறது. அரசியல் பயணங்கள் வடக்கிலிருந்து தொடங்குவதில் ஈடுசெய்யும் எண்ணமும் இருக்கலாம். 2023 நவம்பர் 18 அன்று நவகேரள சதஸ் என்ற அமைச்சரவைப் பயணம் மஞ்சேஸ்வரம் தொகுதியின் பைவளிகேயில்தான் தொடங்கியது. இந்தப் பூசலுக்கு விளக்கப்படம் ஓர் எளிய தீர்வைத் தருகிறது. பெயர்களைச் செங்குத்து அச்சில் எழுதி, பட்டைகளைக் கிடைமட்டமாகப் போட்டு, காசர்கோட்டை உச்சியிலும் திருவனந்தபுரத்தை அடியிலும் வைத்தால் அச்சு ஒரு நிலப்படமாகிவிடுகிறது. மேலிருந்து படித்தால் கணக்கெடுப்பின் வரிசை. கீழிருந்து படித்தால் மாநிலத் துறைகளின் வரிசை. முன்பு சொன்ன தலைகீழ்ப் பொருத்தம் இங்கே கைகொடுக்கிறது: இரண்டு வழக்கங்களும் ஒரே படத்தில் மோதலின்றி அடங்குகின்றன. மாநில வரிசையில் உள்ள அட்டவணையை எக்செல் கிடைமட்டப் பட்டையாக வரையும்போது தானாகவே இந்த அமைப்புத்தான் வருகிறது; தலைகீழாக்கும் பெட்டியைத் தொடாமல் விட்டால் போதும். திருவனந்தபுரம் போன்ற நீண்ட பெயரைச் சாய்த்து எழுத வேண்டிய தொல்லையும் தீர்கிறது.

இன்றைய திரைப் படங்களில் படிப்பவரே ஒரு சொடுக்கில் வரிசையை மாற்றிக்கொள்ளலாமே, பிறகு ஏன் இந்தக் கவலை என்பது கடைசி மறுப்பு. பட்டியல் நீளமானால், ஒரு பெயரைத் தேடுபவருக்கு அகரவரிசை உதவும் என்பதும் இதோடு சேரும். 941 கிராமப் பஞ்சாயத்துகளின் பட்டியலில் தன் ஊரைத் தேடுபவருக்கு அகரவரிசையோ தேடல் பெட்டியோ தேவைதான். அது தேடுவதற்கான பட்டியல், ஒப்பிடுவதற்கான படமன்று. பதினான்கு பெயர்களில் தேடல் ஒரு சுமையே இல்லை. சொடுக்கும் வசதியைப் பொறுத்தவரை, செய்தித்தாளில் அச்சாகும் படத்தையும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் அறிக்கையையும் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் படத்தையும் யாரும் சொடுக்க முடியாது. சொடுக்கக் கூடிய இடத்திலும் முதலில் தெரிவதே பெரும்பாலோர் மனத்தில் நிற்கிறது. வசதி இருப்பது வரைபவரின் பொறுப்பைக் குறைக்காது.

ஆகவே கேள்வி, வரிசையை எங்கே எழுதி வைப்பது என்பதில் வந்து நிற்கிறது. டேப்லோவில் பெயர்களைச் சுட்டியால் இழுத்து அடுக்கலாம்; ஒரு படத்துக்கு அது போதும், நூறு படங்களுக்கு ஆகாது. எக்செல்லிலும், லிப்ரேஆபிஸ் கால்க்கிலும் தனி வரிசைப் பட்டியல்களை உருவாக்கலாம். ஆனால் அவை முதன்மையாக அந்தக் கணினியின் அமைப்பில் தங்குபவை, அடுத்த மேசையில் இருப்பவர் மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும். பவர் பிஐ வேறொரு வழியைக் காட்டுகிறது. மாவட்டப் பெயரை இன்னொரு நெடுவரிசையின் எண்ணைக் கொண்டு அடுக்கச் சொல்லலாம். ஒரே பெயருக்கு இரண்டு எண் இருந்தால் அது ஏற்க மறுத்துப் பிழையைக் காட்டும். ஆர் மொழியில் காரணி நிலைகளும், பைத்தானின் பாண்டாஸில் வரிசையுள்ள வகைத் தரவும் இதே கருத்தின் வேறு வடிவங்கள். இவற்றில் வரிசை படத்தின் பண்பாக இல்லாமல் தரவின் பண்பாக இருக்கிறது. ஒருமுறை சொன்னால் அதன்பின் வரையப்படும் எல்லாப் படங்களும் அதைக் கேட்கும்.

இதைச் செய்யக் கேரளத்துக்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. மாவட்டங்களின் ஆங்கில, மலையாள, தமிழ்ப் பெயர்கள், கணக்கெடுப்புக் குறியீடு, தெற்கு-வடக்கு வரிசை எண் ஆகியவை அடங்கிய 14 வரிக் கோப்பு ஒன்றைப் புள்ளியியல் துறை வெளியிட்டு, எல்லா அட்டவணைகளும் அந்த எண்ணைச் சுமக்க வேண்டும் என்று விதிக்கலாம். பருவங்களுக்கும் மாதங்களுக்கும் வயதுப் பிரிவுகளுக்கும் அதேபோல் சிறு கோப்புகள் போதும். இரண்டு அட்டவணைகளைச் சேர்ப்பவர் வரியின் இடத்தை நம்பாமல் குறியீட்டை நம்புவார். தலைகீழாக ஒட்டும் பிழைக்கு இடமிருக்காது. பள்ளிக் கல்வித் தொழில்நுட்பத்துக்கான அரசு அமைப்பான கைட் நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் பள்ளி மாணவர்கள் கால்க்கில் விளக்கப்படம் வரையப் பழகுகிறார்கள். வரைந்த பின் ‘இந்தப் பெயர் ஏன் முதலில்?’ என்ற கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் பதில் எழுதும் பயிற்சியையும் அதோடு சேர்க்கலாம். ‘அதிகமானது முதலில்’, ‘வடக்கு மேலே’, ‘காலவரிசை’ என்று எதை எழுதினாலும் சரி. ‘மென்பொருள் அப்படிப் போட்டது’ என்ற பதில் மட்டும் ஏற்கத் தக்கதன்று. எண்ணைச் சேகரிக்க வீடு வீடாக ஆளனுப்பும் ஓர் அரசு, அந்த எண்கள் எந்த வரிசையில் பேச வேண்டும் என்பதையும் தானே முடிவு செய்யக் கடமைப்பட்டது.